மனப்பாடப் பத்தி

ஜூன் 4, புதன்

எழுத்துச் சண்டை இன்று தொடங்கிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்காக எங்கள் கம்பெனி செய்துகொண்டிருக்கும் சாஃப்ட்வேரைத் திறந்தவுடன் எந்தத் தமிழ் எழுத்துரு தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. முதலாளி தனபாலன் சார் மீட்டிங்கில், "பிடிக்கலேன்னா செட்டிங்ஸ்ல மாத்திக்கிறப் போறாங்க தமயந்திம்மா, இதுக்குப் போயி ஒரு மாசமா?" என்றார். செட்டிங்ஸ் பக்கம் எங்கே இருக்கிறது என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள். பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், ஒருவர்கூட மாற்றிப் பார்த்ததில்லை. நர்ஸ் காலையில் கம்ப்யூட்டரைப் போடும்போதே வாசலில் வரிசை நிற்கும். நாம் என்ன வைத்து அனுப்பினோமோ அதையே கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருடக்கணக்கில் படிப்பார். ஹாஸ்டல் சாப்பாடு மாதிரிதான். இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

நாலு எழுத்துருக்கள் தேறியிருக்கின்றன. உண்மைப் பெயரைச் சொன்னால் ஆளாளுக்குக் கட்சி கட்டுவார்கள் என்று வழக்கம்போல் பட்டப்பெயர் வைத்தோம். மெலிந்து கிடப்பது ஒல்லி. தடித்துக் கறுப்பாக இருப்பது குண்டு. செய்தித்தாள் சாயலில் இருப்பது பத்திரிகை. வளைவுகள் பெரிதாக இருப்பது வட்டம். இந்த டைரியை எங்கள் சாஃப்ட்வேரிலேயே எழுதுகிறேன். இன்றைக்கு வட்டம், அளவு பன்னிரண்டு.

மாலையில் கண் ஆஸ்பத்திரி. சர்க்கரைக்காரர்களுக்கான வருடாந்திரச் சடங்கு. சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் சொன்னேன். பரிசோதித்த பெண் "சூப்பர்ம்மா" என்றாள். டாக்டர் மட்டும் கண்ணுக்குள் விளக்கடித்து வெகு நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணுக்கு அந்த வரி தெரிஞ்சிருக்கக் கூடாதேம்மா" என்றார். விழித்திரையில் ரத்தம் கசிகிறதாம். இரண்டு கண்ணிலும்தான், இடது கண் மோசம். இந்த மாதத்துக்குள் ஊசி போட வேண்டும், போதாவிட்டால் ஆபரேஷன், தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாது என்றார். சின்ன வயசு டாக்டர், கொஞ்சம் பயமுறுத்தித்தான் பேசுவார். ஜூலை பத்தாம் தேதி சாஃப்ட்வேர் வெளியீடு. அது முடியட்டும்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம், "சக்கரதான் கொஞ்சம் கூட. கண்ணு பரவால்லையாம்" என்றேன்.

ஜூன் 9, திங்கள்

இன்சுலின் பேனாவில் இருக்கும் நம்பரை எவன் டிசைன் செய்தானோ, அவனைப் பிடித்து உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். அவ்வளவு பொடி எழுத்து. நான் இப்போது பார்ப்பதில்லை, திருகும்போது வரும் டிக் சத்தத்தை எண்ணிவிடுகிறேன். அதுதான் சுலபம்.

வாசிப்புச் சோதனைக்கு நர்ஸுகள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். வாசிக்கக் கொடுப்பது எங்கள் வழக்கமான பத்திதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. "காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டவும்" என்று தொடங்கி, "ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்" என்று முடியும். தமிழில் சிக்கலான கூட்டெழுத்தெல்லாம் அதற்குள் வந்துவிடும். கம்பெனியில் எந்தப் புது எழுத்துரு வந்தாலும், பிரிண்டர் வந்தாலும், அந்தப் பத்திதான். ஆண்டு விழாவில் அதைப் பாட்டாகவே பாடியிருக்கிறார்கள் கழுதைகள்.

ஜூன் 13, வெள்ளி

நர்ஸுகள் வந்தார்கள். நாலு எழுத்துருவிலும் பத்தியை ஒவ்வொருவராக வாசித்தார்கள். இர்ஃபான் நேரம் குறித்தான். என்னுடன் வேலை பார்க்கும் இன்ஜினியர். தங்கமான ஆள், ஆனால் எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விட மாட்டான், அதுதான் அவன் வியாதி. ஒல்லி, வட்டம், பத்திரிகை, குண்டு என்ற வரிசையில் கொடுத்தோம். குண்டு ஜெயித்தது. எல்லோருமே அதைத்தான் மளமளவென்று வாசித்தார்கள்.

எனக்குச் சந்தோஷம். பார்த்த அன்றே எனக்குக் குண்டுதான் பிடித்தது. எழுத்து என்றால் கறுப்பாகக் கண்ணில் அறைய வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்து வந்த ஜெபராணி என்ற நர்ஸ் மட்டும், "இது ஒரே மொத்தையா இருக்கு மேடம், மை ஊறுன மாதிரி" என்றார். "நீங்கதான இத சீக்கிரமா வாசிச்சீங்க?" என்றேன். "ஆமா, வாசிச்சுட்டேன்" என்று அவரே குழம்பிப்போனார். போகும்போது, ஒருதரம் கண்ணைக் காட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 17, செவ்வாய்

சாப்பிடும்போது அவர் வாயில் கல். நேற்றும் கல். பருப்பு நேற்று வாங்கியதுதான், கடைக்காரரைப் போய்க் கேட்க வேண்டும். அவர் கல்லைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பேசாமல் சாப்பிட்டார். அவர் பேசினாலாவது நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம்.

ஜூன் 18, புதன்

காலை ஆபீஸ் போகும்போது வண்டியை மாட்டின் மேல் விட்டேன். பட்டப்பகலில். மாடும் கறுப்பு, ரோடும் கறுப்பு, நான் என்ன செய்ய? முழங்கை சிராய்ப்பு, ஹெட்லைட் உடைசல். மாட்டுக்கு ஒன்றும் இல்லை. மாட்டுக்காரர்தான், "ஏம்மா, இம்புட்டுப் பெரிய மாடு தெரியலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வண்டி பட்டறையில். இனிமேல் பஸ். பஸ்ஸில் போவது ஒரு விதத்தில் நல்லதுதான், நாலு பேரிடம் பேசலாம். "இது எங்கண்ணே போகுது?" என்று கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

ஜூன் 23, திங்கள்

இர்ஃபான் என்னிடம் சொல்லாமலே சனிக்கிழமை வேறு நர்ஸுகளை வரவழைத்து, வரிசையைத் தலைகீழாக மாற்றி ஒரு சோதனை வைத்திருக்கிறான். குண்டு முதலில், ஒல்லி கடைசியில். ஒல்லி ஜெயித்துவிட்டதாம்.

"எதக் கடைசியாக் குடுக்குறமோ அதுதான்க்கா ஜெயிக்குது" என்றான். "நாலாவது தடவ வரும்போது அவங்களுக்குப் பத்தி மனப்பாடம் ஆயிருது. எழுத்தப் பார்த்து வாசிக்கல, ஒப்பிக்கிறாங்க. நம்ம ஆபீஸ்லயும் அப்படித்தான். இத்தன வருசமா நாம டெஸ்ட் பண்ணுனது ஃபாண்ட்ட இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏன் அப்படிக் கோபப்பட்டேன் என்று தெரியவில்லை. "அந்தப் பத்தி எழுதும்போது நீ எட்டாப்பு படிச்சிட்டிருந்த" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவன் முகம் சுருங்கியிருக்கும். "சரிக்கா" என்று போய்விட்டான்.

அவன் சொல்வது சரி. அவன் பேசி முடிப்பதற்கு முன்பே அது எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பத்தி கொடுத்திருக்க வேண்டும். இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை வருடம் யாருக்கும் தோன்றவில்லை, முக்கியமாக எனக்கு. ஆனால் மறுபடி சோதனை என்றால் நானும் புதுப் பத்தியை வைத்துக்கொண்டு திரை முன்னால் உட்கார வேண்டும்.

குண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

இடது கண்ணில் ஒரு கறுப்பு நூல் மிதக்கிறது. தலையைத் திருப்பினால் கூடவே வருகிறது. ஆஸ்பத்திரியில் இருந்து இரண்டு தடவை போன் செய்தார்கள், மீட்டிங்கில் இருந்தேன்.

டைரி இப்போது குண்டு, அளவு இருபத்திரண்டு. பெரிய மானிட்டரில் பெரிதாக எழுதுவதுதான் அழகு.

ஜூலை 1, செவ்வாய்

டாக்டர் சொன்ன மாதம் நேற்றோடு முடிந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

பயமாக இருக்கிறது. இதை இங்கே எழுதலாம், யாரும் படிக்கப்போவதில்லை. நான் எழுத்தைப் பார்த்துச் சம்பாதிக்கிறவள். இந்த எழுத்தின் கால் ஒரு முடி அளவு நீளம், இந்த வளைவு சரியில்லை என்று சொல்வதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். கண் தெரியாதவள் எழுத்துருவுக்குத் தீர்ப்புச் சொல்கிறாள் என்று தெரிந்தால், அன்றைக்கே தனபாலன் சார் அன்பாகப் பேசத் தொடங்கிவிடுவார். அவர் அன்பாகப் பேசிய யாரும் அதற்கப்புறம் கம்பெனியில் இருந்ததில்லை. வெளியீடு முடிந்து பெயர் வந்துவிட்டால் பிறகு லீவு போடலாம், ஊசியும் போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம். இன்னும் பத்து நாள்கூட இல்லை.

ஜூலை 5, சனி

காலையில் அவர் பேப்பரைச் சத்தமாக வாசித்தார். நான் கேட்கவில்லை, அவராகவே வாசித்தார். கல்யாணமான நாளில் இருந்து இவர் பேப்பரை வாய்விட்டு வாசித்ததே இல்லை. "என்ன திடீர்னு?" என்றேன். "சும்மாதான், நீ காய் நறுக்கிட்டு இருக்கியே" என்றார். பிறகு கத்தியை என் கையிலிருந்து வாங்கி, "குடு, நான் பாக்குறேன்" என்று அவரே வெண்டைக்காயை நறுக்கினார்.

நறுக்கிக்கொண்டே, "கண்ணு ஆஸ்பத்திரில மறுபடி எப்ப வரச் சொன்னாங்க?" என்றார்.

"ஆறு மாசம் கழிச்சு."

சரி என்று தலையாட்டினார். அப்படித்தான் ஆட்டியிருப்பார்.

ஜூலை 9, புதன்

நாளை வெளியீடு. நீலப் பட்டுப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தாயிற்று. பேச வேண்டியதை மனதுக்குள் நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். இர்ஃபான் டெமோ பற்றி நீளமாக ஒரு மெயில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். அவன் மெயில் எப்போதும் மளிகைச் சாமான் லிஸ்ட் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். திறக்கவில்லை.

இடது கண்ணில் நூல் போய்விட்டது. இப்போது திரைச்சீலை மாதிரி ஒன்று. தூசியாக இருக்கும்.

ஜூலை 10, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

ஹால் நிறைய நர்ஸுகள், டாக்டர்கள். முன்வரிசையில் சுகாதாரத் துறை அதிகாரி அம்மா ஒருவர். பெரிய திரையில் எங்கள் சாஃப்ட்வேர் திறந்தது. நான் மைக் முன்னால் நின்று டீஃபால்ட் எழுத்துரு ஏன் முக்கியம் என்று பேசினேன். நன்றாகவே பேசினேன். ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு இங்கேயும் சிரித்தார்கள்.

அதிகாரி அம்மா, "எழுத்து தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியுமா? நீங்க நிக்கிற எடத்துல இருந்தே வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றார். அவர் நல்ல மனசோடுதான் கேட்டார்.

திரும்பித் திரையைப் பார்த்தேன். வெள்ளையில் கறுப்பாகப் பத்தி இருந்தது. நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். "காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டவும். கொதித்து ஆறிய நீரை அடிக்கடி கொடுக்கவும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் உடலைத் துடைத்துவிடவும். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்."

கைதட்டல் வரவில்லை. பின்னால் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்து ஜெபராணியின் குரல் மெதுவாக வந்தது. "மேடம், அங்க பாம்புக்கடின்னு போட்டிருக்கு."

இர்ஃபான் பத்தியை மாற்றியிருக்கிறான். மனப்பாடமான பத்தியை வைத்து டெமோ காட்டினால் தப்பாகிவிடும் என்று. எல்லோருக்கும் மெயில் போட்டிருந்தான். எல்லோரும் படித்திருந்தார்கள்.

"பழக்க தோசம்" என்று சொல்லிச் சிரித்தேன். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. அதிகாரி அம்மா, "கண்ணாடி கொண்டு வரலியாம்மா?" என்று கேட்டார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. இர்ஃபான் மேடைக்கு ஓடி வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினான். அவன் முகம் எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அவ்வளவு பக்கத்திலும் அது முகமாகத் தெரியவில்லை.

படி இறங்கும்போது யாரோ கையைப் பிடித்துக்கொண்டார்கள். உதறவில்லை.

ஜூலை 11, வெள்ளி

டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போன மாசமே வந்திருந்தீங்கன்னா" என்று தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். இடது கண்ணில் விழித்திரை இழுபட்டுப் பிரிந்துவிட்டது. நடுப்பார்வை போய்விட்டது, அதற்கு இனிமேல் செய்ய ஒன்றுமில்லை. வலது கண்ணை அடுத்த வாரமே ஆபரேஷன் செய்து மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "போன மாசமே சொன்னீங்களா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் ஆமாம் என்றார்.

ஆட்டோவில் வீடு வந்தோம். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது, "பருப்புல கல்லு வந்தப்பவே எனக்குத் தெரியும். நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்" என்றார். என்னைத் திட்டியதா, தன்னைத் திட்டிக்கொண்டதா என்று தெரியவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

ஜூலை 14, திங்கள்

தனபாலன் சார் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். "ஒடம்புதான் முக்கியம் தமயந்திம்மா. வேலையெல்லாம் எங்க போயிறப்போகுது?" என்றார். அன்பாகப் பேசினார்.

ஜூலை 25, வெள்ளி

ஆபரேஷன் ஆகிவிட்டது. கண்ணுக்குள் காற்று அடைத்திருக்கிறார்கள். விழித்திரை ஒட்டுவதற்காகப் பகலும் இரவும் முகத்தைக் குப்புற வைத்துக்கொள்ள வேண்டும். மேஜை ஓரத்தில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, மடியில் கீபோர்டை வைத்துத் தட்டுகிறேன். விரலுக்கு இடம் தெரியும். என்ன எழுத்துரு, என்ன அளவு என்று தெரியாது. எழுதியதைத் திரும்பப் படிக்கவும் முடியாது. தப்பு இருந்தால் இருக்கட்டும்.

இர்ஃபான் வந்திருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான், என் முகம் கீழே இருக்கிறதல்லவா, அதற்காக. "நேர்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். "சொல்லியிருந்தா அதையும் மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பேன்" என்றேன். அவன் அழுதான். சிரிப்பான் என்று நினைத்துத்தான் நான் சொன்னேன்.

மறுபடி சோதனை வைத்தார்களாம். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் வேறு பத்தி, ஒவ்வொரு ஆளுக்கும் வேறு வரிசை. பத்திரிகை ஜெயித்தது, அளவு பதினான்கு. குண்டு கடைசி. தடிமனில் எழுத்துக்குள் இருக்கும் இடைவெளியெல்லாம் அடைத்துக்கொள்கிறதாம். நல்ல கண்களுக்கு அப்படித் தெரிகிறது. எனக்குக் கறுப்பாக ஏதோ இருக்கிறது என்பது தெரிந்ததே போதுமாக இருந்திருக்கிறது. நல்லவேளை, அது எந்த ஊருக்கும் போய்ச் சேரவில்லை.

"அந்தப் பழைய பத்திய என்ன பண்ணுன?" என்று கேட்டேன்.

"அழிச்சுட்டேன்க்கா."

நல்லது என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று பார்வைப் பரிசோதனை. அதே அறை, அதே பெண். இந்தத் தடவை அவர் வெளியே உட்கார மாட்டேன் என்று கூடவே வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

முதலில் இடது கண்ணை மூடிவிட்டு வலது கண். மேல் வரி தெரிந்தது. இரண்டாவது வரி தட்டுத்தடுமாறித் தெரிந்தது. மூன்றாவது வரி வெறும் சாம்பல். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பல வருடமாகத் தெரியும். "ம்ம், அடுத்து?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். எழுதிக்கொண்டாள். இந்தக் கண் இன்னும் கொஞ்சம் தேறும் என்றாள்.

பிறகு வலது கண்ணை மூடினாள். "இப்ப சொல்லுங்கம்மா."

எதிரே ஒன்றுமில்லை. சுவரும் இல்லை, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் இருந்தது. ட, ப, ம, க என்று முதல் வரி நாக்கு நுனியில் வந்து நின்றது. அதற்கடுத்த வரியும் அதன் பின்னாலேயே வந்து நின்றது. சொல்லியிருந்தால் அந்தப் பெண் சூப்பர்ம்மா என்றிருப்பாள். பின்னால் நிற்கிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது கேட்டது.

"தெரியல" என்றேன்.

"எந்த வரிம்மா தெரியல?"

"எந்த வரியுமே."

அவர் என் தோளில் கை வைத்தார். அந்தப் பெண் எழுதி முடிக்கும் வரைக்கும் எடுக்கவில்லை.